எத்தனை சென்டிமீட்டர் என்பதற்கு முன், எப்படி அளந்தார்கள் என்று கேளுங்கள்

ஆணுறுப்பு இழுவைக் கருவி (உறுப்பை இழுத்தபடி மாட்டி வைக்கும் கருவி) வாங்கலாமா என்று யோசிப்பவர்கள் பெரும்பாலும் "எவ்வளவு கூடும்?" என்றுதான் கேட்கிறார்கள். எந்த நிலையில் அளந்தது என்பதை முதலில் கேளுங்கள். தளர்ந்த நிலை அளவை நம்பவே வேண்டாம், குளிரும் பதற்றமும் அதைச் சுருக்கிவிடும். ஆய்வுகளில் அதிகம் வருவது கையால் இழுத்துப் பிடித்து அளந்த நீளம். அதிலும் ஒரு ஓட்டை இருக்கிறது: முதல் நாள் மெதுவாக இழுத்துவிட்டு, மூன்று மாதம் கழித்துக் கொஞ்சம் பலமாக இழுத்தால் அளவு கூடிவிடும், உறுப்பு அப்படியேதான் இருக்கும். அதனால் அளந்தவருக்கு யார் கருவி போட்டவர் என்று தெரியுமா, தெரியாதா என்று பாருங்கள்.

வீட்டில் அளப்பதாக இருந்தால், உறுப்புக்கு மேலே அழுத்தினால் எலும்பு தட்டுப்படும், ஸ்கேலை அதுவரை அழுத்தி, மேல்பக்கமாக மொட்டின் நுனி வரை அளங்கள். தோலிலிருந்து அளந்தால் தொப்பை கூடினாலும் குறைந்தாலும் எண் மாறும். முன்தோலைச் சேர்க்காதீர்கள். கருவியைத் தொடுவதற்கு முன்பே இரண்டு வாரம், வெவ்வேறு நாட்களில், ஒவ்வொரு முறையும் மூன்று தடவை அளந்து எழுதி வையுங்கள். இதைத்தான் யாரும் செய்வதில்லை! எதுவும் செய்யாமலே உங்கள் அளவுகள் அரை சென்டிமீட்டர் முன்னேபின்னே வந்தால், பிறகு கிடைக்கும் அரை சென்டிமீட்டருக்கு அர்த்தமே கிடையாது. அப்புறம், கருவியைக் கழற்றியவுடன் அளக்காதீர்கள், வீக்கமும் சேர்ந்து வந்துவிடும்.

சரி, ஆய்வுகள் என்ன சொல்கின்றன? 2019இல் ரெஸ்டோர்எக்ஸ் என்ற இழுவைக் கருவியை வைத்து, பெய்ரோனி நோயால் (உறுப்புக்குள் தழும்பு உண்டாகும் நோய்) உறுப்பு வளைந்த 110 பேரிடம் ஒரு ஆய்வு நடந்தது. தினம் 30 முதல் 90 நிமிடம், மூன்று மாதம். கருவி போட்டவர்களுக்கு இழுத்த நீளம் சராசரியாக 1.5 செ.மீ. கூடியது, போடாதவர்களுக்கு மாற்றமில்லை. வளைவு 11.7 பாகை குறைந்தது, மற்றவர்களுக்கு 1.3 பாகை கூடியது. ஒப்பிட ஒரு குழு இருந்ததால் இதை நான் மதிக்கிறேன். ஆனால் கருவி போட்டவருக்குத் தான் போட்டிருப்பது தெரியாமல் இருக்க வழியே இல்லை, கருவியை உருவாக்கியவரும் அந்த ஆய்வில் இருந்தார். 2009இல் வேறொரு கருவியை 15 பேர் தினம் ஐந்து மணி நேரமாவது, ஆறு மாதம் போட்டார்கள், வளைவு 31 பாகையிலிருந்து 27க்குத்தான் வந்தது. ஒப்பீட்டுக் குழுவும் இல்லை.

இரண்டுமே நோய் இருந்தவர்களிடம் செய்தவை என்பதை மறக்காதீர்கள். நலமாக இருப்பவருக்கு விற்கும்போது இதே எண்களைக் காட்டினால், அது உங்களுக்கான சான்று அல்ல.

வளைவு அளவுக்கும் இதே கண்டிப்பு தேவை. மருத்துவமனையில் ஊசி போட்டு விறைப்பு வரவைத்துக் கோணத்தை அளப்பார்கள். வீட்டில் எடுக்கும் போட்டோவில் கேமரா கொஞ்சம் சாய்ந்தாலே, விறைப்பு கொஞ்சம் குறைந்தாலே, பாகை மாறிவிடும்.

இன்னொன்று, 2015இல் 15,521 பேர் வரையிலான அளவுகளைத் தொகுத்தபோது இழுத்த நீளத்தின் சராசரி 13.24 செ.மீ., விறைப்பில் 13.12 செ.மீ. தனக்குக் குறைவு என்று வருந்துகிறவர்களில் பெரும்பாலானோர் இயல்பான அளவுக்குள்தான் இருக்கிறார்கள். புதிதாக வளைவோ, வலியோ, கட்டியோ தெரிந்தால் கருவி தேடாமல் முதலில் சிறுநீரகவியல் மருத்துவரைப் பாருங்கள். கருவி போட்டிருக்கும்போது மரத்துப்போனாலோ நிறம் மாறினாலோ உடனே கழற்றிவிடுங்கள்.