சொந்தக் கேர்னலில் பிரேக்பொயின்ட் வசதியை அமைத்தல்

கொழும்பில் கணினியியல் பயின்றுகொண்டே, 64 பிட் எக்ஸ்86 புரோசெசருக்கெனச் சிறிய பணிசெயல் முறைமையொன்றை எழுதிப் பழகும் தமிழ் மாணவர்களை மனத்திற்கொண்டு இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. பயனர் செய்நிரலொன்றை, பிழை தேட உதவும் செய்நிரலாகிய டிபகர் விரும்பிய இடத்தில் (அதுவே பிரேக்பொயின்ட்) நிறுத்துவதற்கு, பணிசெயல் முறைமையின் மையப் பகுதியாகிய கேர்னல் செய்ய வேண்டியது அதிகமில்லை. நிறுத்திய செய்நிரலை எதுவும் நடவாததுபோல் மீண்டும் ஓடவிடுவதிலேயே வேலையின் பெரும்பகுதி அடங்கியுள்ளது.

மென்பொருள் பிரேக்பொயின்ட் என்பது, நிறுத்த வேண்டிய கட்டளையின் முதற் பைட்டைச் சேமித்துவிட்டு அவ்விடத்தில் 204 என்ற பெறுமானத்தை எழுதுவதாகும். அப்பெறுமானமே இன்ட்3 கட்டளை. அது ஒரே பைட் நீளமுடையதாகையால் அடுத்த கட்டளையைச் சிதைப்பதில்லை. அதை இயக்கியதும் புரோசெசர் 3ஆம் எக்செப்ஷனை, அதாவது கட்டுப்பாட்டைக் கேர்னலிடம் ஒப்படைக்கும் இடைநிறுத்தத்தை, எழுப்பும். எனவே முதலில், எந்த எக்செப்ஷனை எந்தச் செயற்கூறு கையாளும் எனக் குறிக்கும் இன்டரப்ட் அட்டவணையின் 3ஆம் வாயிலுக்கு, பயனர் நிலைக்குரிய சிறப்புரிமை மட்டம் 3ஐக் கொடுங்கள். 0 கொடுத்தால் பயனர் செய்நிரல் இன்ட்3ஐத் தொட்டவுடன் பாதுகாப்பு மீறலைக் குறிக்கும் 13ஆம் எக்செப்ஷனே உங்களை வந்தடையும். டிபக் எக்செப்ஷனுக்குரிய 1ஆம் வாயிலுக்கோ 0 மட்டமே பொருந்தும். வாயிலைக் கையாளும் செயற்கூறு, எக்செப்ஷன் பயனர் நிலையிலிருந்து வந்ததா என்று பார்த்து, டிபகர் இணைந்திருந்தால் திரெட்டை (செய்நிரலின் இயக்க இழையை) நிறுத்தி டிபகருக்கு அறிவிக்க வேண்டும். இணைந்திராவிட்டால் லினக்ஸைப் போல் செய்நிரலுக்குச் சிக்ட்ராப் என்னும் அறிவிப்புச் சிக்னலை அனுப்பலாம்.

அந்த ஒரு பைட்டை எழுதும் வழியில்தான் முதற் பொறி உள்ளது. செய்நிரலின் கட்டளைப் பக்கங்கள் பொதுவாக வாசிக்க மட்டுமானவை. அதோடு ஒரே நூலகத்தைப் பயன்படுத்தும் எல்லாப் புரொசஸ்களும் (இயங்கிக்கொண்டிருக்கும் செய்நிரல்களும்) அவற்றைப் பகிர்கின்றன. எழுத்துத் தடையை நீக்கிவிட்டு நேரடியாக எழுதினால், டிபகரோடு எவ்விதத் தொடர்புமற்ற புரொசஸ்களும் அதே இடத்தில் விழும். ஆகவே எழுதுமுன் அப்பக்கத்தைப் பிரதியெடுத்து, டிபக் செய்யப்படும் புரொசஸுக்கு மட்டும் அப்பிரதியை இணைக்க வேண்டும். அப்புரொசஸ் ஃபோர்க் செய்தால், அதாவது தன் பிரதியாக இன்னொரு புரொசஸைத் தோற்றுவித்தால், அக்குழந்தையும் இன்ட்3ஐச் சுமந்தே பிறக்கும் என்பதை டிபகர் எழுதுபவர் மறக்கலாகாது.

இன்ட்3இல் நின்றபின், சேமிக்கப்பட்ட ஆர்ஐபி (அடுத்து இயக்க வேண்டிய கட்டளையின் முகவரியை வைத்திருக்கும் ரெஜிஸ்டர்) அடுத்த பைட்டைச் சுட்டும். மீள ஓடுமுன் ஒன்றைக் கழிக்க வேண்டும். இதனைக் கேர்னல் செய்வதா, டிபகர் செய்வதா என்பதை ஒருமுறை முடிவுசெய்து எழுதிவையுங்கள். லினக்ஸ் அதை டிபகரிடமே விடுகிறது. எனக்கும் அதுவே சரியெனப் படுகிறது, ஏனெனில் அந்த இன்ட்3 யாரால் வைக்கப்பட்டதென்று கேர்னலுக்குத் தெரியாது. ஏஆர்எம்64 என்னும் வேறு வகைப் புரோசெசரில், இன்ட்3க்கு நிகரான பிஆர்கே கட்டளையின் முகவரியே சேமிக்கப்படுவதால் இக்கழித்தல் தேவையில்லை. ஆனால் அங்கே கட்டளைகளின் பிரதியைத் தற்காலிகமாக வைத்திருக்கும் கட்டளைக் காஷேயைத் துப்புரவாக்க வேண்டும்.

மீள ஓடவிடுவதற்கு, பழைய பைட்டைத் திருப்பி வைத்து, கொடி ரெஜிஸ்டரின் 8ஆம் பிட்டாகிய டிஎஃப்பை (ஒவ்வொரு கட்டளைக்கும் பின் எக்செப்ஷனை எழுப்பும் கொடியை) ஏற்றி, ஒரே கட்டளையை இயக்கவிட்டு, 1ஆம் எக்செப்ஷன் வந்ததும் இன்ட்3ஐ மீண்டும் வைக்க வேண்டும். அந்தச் சிறு இடைவெளியில் வேறொரு திரெட் அவ்விடத்தைக் கடந்தால் அது நில்லாமலே போய்விடும். எனவே மற்றத் திரெட்டுகளை நிறுத்திவைப்பதே பாதுகாப்பானது. இயக்கப்படும் கட்டளை, கொடி ரெஜிஸ்டரை ஸ்டாக்கில் சேமிக்கும் புஷ்எஃப் ஆயின், நீங்கள் ஏற்றிய டிஎஃப் ஸ்டாக்கில் எழுதப்பட்டு, பின்னொரு நேரம் செய்நிரலுக்குள் திரும்பி வந்து தொல்லை தரும். அதைத் தேடி அழிக்க வேண்டும். பயனர் செய்நிரல் கேர்னலை அழைக்கும் சிஸ்கோல் கட்டளைக்கான கொடி முகமூடியிலும் (நுழையும்போது துடைக்க வேண்டிய கொடிகளின் பட்டியலிலும்) டிஎஃப்பைச் சேருங்கள். இல்லையேல் பயனரின் ஸ்டாக் மாறுமுன்பே கேர்னலின் வாசலில் எக்செப்ஷன் எழும்.

மாறியொன்று எப்போது மாறுகிறதென அறிய வன்பொருள் பிரேக்பொயின்ட் வேண்டும். இதற்கான டிபக் ரெஜிஸ்டர்களில் டிஆர்0 முதல் டிஆர்3 வரை நான்கு முகவரிகள், டிஆர்7இல் நிபந்தனைகள், டிஆர்6இல் காரணம். இவற்றைத் திரெட்டுக்குத் திரெட்டு சேமித்து மாற்றுங்கள். கேர்னல் முகவரியைப் பயனர் கேட்டால் மறுத்துவிடுங்கள். டிஆர்6ஐப் புரோசெசர் தானாகத் துடைக்குமென நம்பாமல், வாசித்தவுடன் நீங்களே துடையுங்கள். தரவுப் பிரேக்பொயின்ட் கட்டளை முடிந்தபின் எழும். கட்டளைப் பிரேக்பொயின்டோ இயக்கத்துக்கு முன்பே எழுவதால், அக்கட்டளைக்கு மட்டும் அதை அடக்கும் ஆர்எஃப் கொடியை ஏற்றித் திரும்பாவிடில் அங்கேயே சுழலும்.

இப்பகுதியை அலட்சியமாக எண்ண வேண்டாம். ஸ்டாக் செக்மென்டை மாற்றும் கட்டளைக்குப் பின் டிபக் எக்செப்ஷன் ஒரு கட்டளை தாமதித்து, கேர்னலுக்குள் எழக்கூடும் என்பதைப் பல பணிசெயல் முறைமைகள் கவனியாதிருந்தமை 2018 மே மாதத்தில் சிவிஇ-2018-8897 என்ற பாதுகாப்புக் குறைபாட்டு எண்ணில் வெளியாயிற்று. 1ஆம் எக்செப்ஷன் வந்த நிலை எதுவென உறுதிசெய்யாமல், கேர்னல் தன் தரவை அணுகப் பயன்படுத்தும் ஜிஎஸ் ரெஜிஸ்டரை மாற்றாதீர்கள்.

வெள்ளவத்தை வாடகை அறையில் ஒரே மடிக்கணினியோடு படிப்பவர் இவையனைத்தையும் கணினியொன்றை மென்பொருளாகப் போலச்செய்யும் கியூஎமுவில் சோதிப்பதே நன்று. அப்போது கியூஎமுவின் சொந்த ஜிடிபி (ஒரு டிபகர்) இணைப்பை மூடிவையுங்கள். இரண்டும் சேர்ந்து இயங்கினால் எந்தப் பிரேக்பொயின்ட் யாருடையதென்று பிரித்தறிவது கடினம். முதற் சோதனையாக, ஒரே செய்நிரலை இருமுறை தொடங்கி ஒன்றில் மட்டும் பிரேக்பொயின்ட் வைத்து, மற்றது தடையின்றி ஓடி முடிகிறதா என்று பாருங்கள்.