‘நான் என்ன பண்ணட்டும், நீங்களே சொல்லுங்க’: கவுன்சலிங்கில் நேரடி ஆலோசனை தருவது எப்படி

சென்னையில் கவுன்சலிங்குக்கு வருகிற பலர் முதல் செஷனிலேயே இதைக் கேட்டுவிடுவார்கள். பதிலுக்கு ‘உங்களுக்கு என்ன தோணுது?’ என்று மட்டும் கேட்டு அனுப்பினால், வந்தவர் அடுத்த வாரம் வராமல் போகலாம். ‘நாமதான் பேசினோம், அவங்க ஒண்ணும் சொல்லலை’ என்று வீட்டில் சொல்லிவிடுவார். ஆலோசனை தராமல், வந்தவர் தானே வழி கண்டுபிடிக்கத் துணை நிற்கும் முறையை உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1942இல் அமெரிக்காவில் முன்வைத்தார். கேட்கும் பொறுமையை அதிலிருந்துதான் நாம் கற்றோம். ஆனால் அதை அப்படியே இங்கே கொண்டுவந்தால் பலருக்கு அது அக்கறையில்லாத மௌனமாகப் படுகிறது.

சீன க்ளையன்ட்கள் குறித்த ஆய்வுகள் இந்த இடத்தில் நமக்கு மிகவும் உதவும். அங்கே பலர் கவுன்சலரை ஆசிரியர், மருத்துவர் வரிசையில் வைத்துப் பார்க்கிறார்கள். நேரடியாக ஒரு வழி சொன்னால், இவருக்கு விஷயம் தெரியும், நம்மேல் அக்கறையும் இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் முழுதாகக் கேட்காமல் சொன்னதும், தன் குடும்ப நிலைமைக்குப் பொருந்தாததும் அவர்களுக்குப் பிடிப்பதில்லை. பிடிக்கவில்லை என்பதை முகத்துக்கு நேரே சொல்வதும் அரிது. மறுத்துப் பேசினால் பெரியவருக்கு மரியாதைக் குறைவு என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள். சீனர் என்றாலே ஆலோசனைதான் வேண்டும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. ஆளுக்கு ஆள் மாறும், கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் ஊர் க்ளையன்ட்களுக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும். குரு–சீடர் உறவைச் சிகிச்சை உறவுக்கான மாதிரியாக எடுத்துக்கொள்ளலாம் என்று இந்திய மனநல மருத்துவர் ஜே.எஸ். நேகி 1973இலேயே எழுதினார். ஆசிய க்ளையன்ட்கள் முதல் சந்திப்புகளிலேயே கையில் ஏதாவது பயனோடு திரும்ப வேண்டும் என்று அமெரிக்க உளவியலாளர்கள் ஸ்டான்லி சூவும் நோலன் சேனும் 1987இல் வலியுறுத்தினார்கள். அந்தப் பயன் ஆலோசனையாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ‘இந்த நிலைமையில யாரா இருந்தாலும் இப்படித்தான் தவிச்சிருப்பாங்க’ என்ற தெளிவும் பயன்தான்.

இனி செய்முறை. 50 நிமிடச் செஷனில் முதல் 25 நிமிடம் ஆலோசனையே வேண்டாம். அந்த நேரத்தில் தவறாமல் கேட்க வேண்டியது: ‘இதுக்கு முன்னாடி யார் யார் என்ன சொன்னாங்க? நீங்க என்னென்ன செஞ்சு பார்த்தீங்க?’ உங்களிடம் வருவதற்குள் மாமா, ஆபீஸ் நண்பர், ஜோசியர், யூடியூப் என்று எல்லோரும் சொல்லி முடித்திருப்பார்கள். அதையே நீங்களும் சொன்னால் உங்கள் மேல் இருக்கும் நம்பிக்கை அங்கேயே போய்விடும்.

அடுத்து, கேட்கப்படுவது எந்த வகை என்று பிரித்துக்கொள்ளுங்கள். தகவல் என்றால் நேராகச் சொல்லிவிடலாம். தூக்கம், பதற்றம், கோபம் ஆகியவற்றைக் கையாளும் வழிமுறை என்றாலும் தயங்க வேண்டாம். கல்யாணம், விவாகரத்து, வேலையை விடுவது போன்ற முடிவுகளை மட்டும் நீங்கள் எடுத்துத் தராதீர்கள். அதன் விளைவோடு வாழப்போவது அவர்தான். அதற்காகக் கைவிரிக்கவும் வேண்டாம். ‘முடிவு உங்களோடது. எப்படி யோசிக்கலாம்னு நான் சொல்றேன்’ என்று சொல்லி, இரண்டு வழிகளையும் காகிதத்தில் எழுதி, ஒவ்வொன்றிலும் ஆறு மாதத்தில் வீட்டில் என்ன நடக்கும் என்று அவரையே நிரப்பச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவது, குறைப்பது எல்லாம் மருத்துவரிடம் மட்டுமே.

பெருங்குடியில் வேலை, வில்லிவாக்கத்தில் வீடு, தூக்கம் வரவில்லை என்று 24 வயதுப் பெண் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ‘டென்ஷன் ஆகாதீங்க, நல்லா தூங்குங்க’ என்பதால் ஒரு பயனும் இல்லை. இப்படிச் சொல்லலாம்: ‘லீவு நாள்லகூட காலைல ஒரே நேரத்துக்கு எழுந்திருங்க. மதியம் 2 மணிக்கு மேல காபி, டீ வேண்டாம், அதோட வீரியம் ராத்திரி வரைக்கும் உடம்புல இருக்கும். படுத்து சுமார் 20 நிமிஷத்துல தூக்கம் வரலைன்னா எழுந்து வேற இடத்துல உட்காருங்க.’ இது செய்யக்கூடியது. ஆனால் அவர் ஹாலில் அம்மா, தம்பியோடு பாய் விரித்துப் படுப்பவராக இருந்தால் மூன்றாவது ஆலோசனை உடைந்துவிடும். எழுந்து லைட் போட்டால் வீடே விழிக்கும், ‘என்னடி ஆச்சு?’ என்ற விசாரணை ஆரம்பிக்கும். ‘ராத்திரி எங்க படுப்பீங்க, பக்கத்துல யார்?’ என்று முதலில் கேட்டிருந்தால், சமையலறையில் ஜீரோ வாட் பல்ப் வெளிச்சத்தில் உட்காரலாம் என்று மாற்றிச் சொல்லியிருக்கலாம். ஒரு செஷனில் இரண்டு, மிஞ்சினால் மூன்று ஆலோசனை போதும். ஒவ்வொன்றுக்கும் காரணத்தை ஒரு வரியில் சொல்லுங்கள். காரணம் தெரிந்தால்தான் வீட்டுக்கு ஏற்றபடி அவரே மாற்றிக்கொள்ள முடியும்.

தலையாட்டலை நம்பாதீர்கள். ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் ‘புரிஞ்சுது மேடம்’ என்பதைத் தவிர வேறு பதில் வராது. ‘எல்லாருக்கும் எல்லாமே ஒத்து வராது. இதுல எது உங்க வீட்டுல நடக்காதுன்னு சொன்னீங்கன்னா எனக்கு உதவியா இருக்கும்’ என்று கேளுங்கள். குறை சொல்வது மரியாதைக் குறைவல்ல, உதவி என்று ஆனபிறகுதான் வாய் திறப்பார். கடைசி ஐந்து நிமிடத்தில், என்ன செய்யப்போகிறார் என்பதை அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

அம்மாவோ அப்பாவோ கூட வந்து ‘நீங்க சொன்னா கேப்பான், படிக்கச் சொல்லுங்க’ என்பார்கள். அவர்கள் வாயாக நீங்கள் மாறினால் பையன் உங்களிடம் பேச்சை நிறுத்திவிடுவான். பெற்றோர் கவலையைத் தனியாக 10 நிமிடம் கேளுங்கள். பையன் சொல்வதில் எதைப் பகிர்வீர்கள், எதைப் பகிர மாட்டீர்கள் என்பதை இருவரும் இருக்கும்போதே சொல்லிவிடுங்கள்.

உயிருக்கு ஆபத்து என்றால் இந்த நிதானம் எதுவும் வேண்டாம், உத்தரவாகவே பேசுங்கள். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். இருக்கிறது என்றால் அவரைத் தனியே அனுப்பாதீர்கள். வீட்டாரை வரவழையுங்கள், மாத்திரை, பூச்சிமருந்து கைக்கெட்டாமல் வைக்கச் சொல்லுங்கள், அன்றே மனநல மருத்துவரிடமோ கீழ்ப்பாக்கம் அரசு மருத்துவமனைக்கோ அனுப்புங்கள். அரசின் தொலைபேசி மனநல உதவிச் சேவையான டெலி மானஸின் எண் 14416ஐ எழுதிக் கொடுங்கள், எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

அடுத்த செஷனை முந்தைய ஆலோசனையிலிருந்தே தொடங்குங்கள். ‘செஞ்சீங்களா?’ என்றால் வீட்டுப்பாடம் கேட்பதுபோல் ஆகி, செய்யாதவர் பொய் சொல்வார் அல்லது வராமலே இருந்துவிடுவார். ‘எந்த இடத்துல தடங்கல் வந்துது?’ என்று கேளுங்கள். ‘நீங்க சொன்னது சரிப்படலை, அதனால நான் மொட்டை மாடிக்குப் போய் உட்கார்ந்தேன்’ என்று அவரே ஒரு வழி கண்டுபிடித்திருந்தால், உங்கள் ஆலோசனையை விட்டுவிட்டு அதைக் குறித்துக்கொண்டு அந்த வாரத்துக்கு அதையே தொடரச் சொல்லுங்கள்.