இன்டர்வியூவுக்கு முன் கம்பெனியைப் பற்றி விசாரிக்கும்போது செய்யும் தவறுகள்

முதல் நாள் இரவு கம்பெனியின் வெப்சைட்டைத் திறந்து 'எங்களைப் பற்றி' பக்கத்தை மனப்பாடம் செய்வதோடு பலர் நிறுத்திவிடுகிறார்கள். அது கம்பெனி தன்னைப் பற்றித் தானே எழுதிக்கொண்டது. அரசிடம் அது கொடுத்த கணக்கைப் பாருங்கள். ஒரு மணி நேரம் போதும்.

பெயரிலேயே முதல் தவறு நடக்கிறது. பிராண்டின் பெயர் ஒன்று, பதிவான நிறுவனத்தின் பெயர் வேறொன்று என்று இருக்கும். சம்பளம் போடுவது மூன்றாவதாக ஒரு கான்ட்ராக்ட் நிறுவனமாகக்கூட இருக்கலாம். "யாருடைய பேரோலில் வருவேன்?" என்று எச்.ஆரிடம் போனிலேயே கேட்டு, அந்தப் பெயரைத் தேடுங்கள். கம்பெனி லெட்டர்ஹெட்டில் 21 இடங்கள் கொண்ட சி.ஐ.என். எண் (கம்பெனியின் பதிவு அடையாள எண்) இருக்க வேண்டும் என்பது சட்டம். அதில் 9 முதல் 12 வரையுள்ள இலக்கங்கள் பதிவான ஆண்டைக் காட்டும். வெப்சைட்டில் '25 ஆண்டு அனுபவம்', எண்ணில் 2021 என்றால் உடனே மோசடி என்று முடிவு கட்ட வேண்டாம். பார்ட்னர்ஷிப்பாக இருந்து பிரைவேட் லிமிடெட்டாக மாறியிருக்கலாம், கேளுங்கள். எம்.சி.ஏ. (மத்திய அரசின் கம்பெனி விவகார அமைச்சகம்) தளத்தில் அந்தக் கம்பெனியின் நிலை 'ஆக்டிவ்' என்று இருக்கிறதா என்றும் பாருங்கள். செலுத்திய மூலதனம் (பங்குதாரர்கள் பங்குக்காகக் கட்டிய பணம்) 1 லட்சம்தானே என்று அதைச் சின்னக் கம்பெனியாக எடைபோடாதீர்கள். வியாபாரத்தின் அளவு அதில் தெரியாது.

பெரும்பாலானோர் எட்டிப் பார்க்காத இடம் பி.எஃப். கணக்கு. பி.எஃப்.பை நிர்வகிக்கும் அரசு அமைப்பான இ.பி.எஃப்.ஓ.வின் தளத்தில் உள்ள நிறுவனத் தேடலில், எந்த மாதத்துக்கு எத்தனை பேருக்கு எந்தத் தேதியில் பணம் கட்டினார்கள் என்று பார்க்கலாம். அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டியாக வேண்டும். மாதக்கணக்கில் தாமதம் தொடர்ந்தால் பணப்புழக்கம் இறுகியிருக்க வாய்ப்புண்டு. அங்கே சம்பளமும் தள்ளிப்போகலாம். ஆறு மாதத்தில் 180 பேர் 110 ஆகியிருந்தால் காரணம் விசாரிக்க வேண்டும். ஆனால் ஒரு மாத எண்ணிக்கையை மட்டும் வைத்து மொத்த ஆட்களைக் கணக்கிடாதீர்கள். பி.எஃப்.பில் சேராத ஊழியர்கள் இருப்பார்கள், ஒரே கம்பெனிக்கு இரண்டு மூன்று பி.எஃப். பதிவு எண்களும் இருக்கும். ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.

பங்குச்சந்தையில் பட்டியலான பெரிய கம்பெனி என்றால் ஆண்டறிக்கையில் 'பி.ஆர்.எஸ்.ஆர்.' (வணிகப் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) பகுதிக்குப் போங்கள். நிரந்தர ஊழியர்கள் ஆண்டுதோறும் எத்தனை சதவீதம் விலகினார்கள் என்று மூன்று ஆண்டுக் கணக்கு அதில் இருக்கிறது. சேர்மன் உரையைவிட இது பயனுள்ளது.

ரிவ்யூ தளங்களில் மொத்த நட்சத்திரத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். உங்கள் துறை, உங்கள் ஊர், கடந்த ஓராண்டு என்று வடிகட்டிப் படியுங்கள்.

திரட்டியதையெல்லாம் இன்டர்வியூவில் கொட்டுவதும் தவறுதான். விற்றுமுதல் எவ்வளவு என்று அவர்களுக்கே தெரியும். "ஓசூரில் புதிய யூனிட் வருவதாக ஆண்டறிக்கையில் படித்தேன், இந்த வேலை அதற்காகவா?" என்று உங்கள் வேலையோடு சேர்த்துக் கேளுங்கள். பி.எஃப். தாமதம் கண்ணில் பட்டிருந்தால் குற்றம்சாட்டுவதுபோல் எடுக்காமல், ஆஃபர் பேசும் கட்டத்தில் "சம்பளம் எந்தத் தேதியில் வரவாகும்?" என்று எச்.ஆரிடம் கேட்டு, பதிலை மெயிலில் வாங்கிக்கொள்ளுங்கள்.