நெஞ்சுக்குழியில் தட்டுப்படுவது கட்டி இல்லை

காட்பாடியில் எங்கள் தெருப் பெரியவர் ஒருவர், சர்க்கரையில் உடம்பு இளைத்த பிறகு, நெஞ்சுக்குழியில் கெட்டியாக ஏதோ தட்டுப்படுகிறது என்று பத்து நாள் சோறு இறங்காமல் கிடந்தார். டாக்டர் தொட்டுப் பார்த்ததும் சொல்லிவிட்டார்: அது நெஞ்செலும்பின் நுனி.

நெஞ்செலும்பு ஒரு குத்துவாள் மாதிரி. கழுத்துக்குழிக்குக் கீழே அகலமான கைப்பிடி, நடுவில் நீண்ட அலகு, அடியில் சின்ன முனை. அந்த முனை இளவயதில் குருத்தெலும்பு. 40 வயதை ஒட்டி மெல்ல இறுகும். சிலருக்கு முன்பக்கம் துருத்தும், சிலருக்கு இரண்டாகப் பிளந்தும் இருக்கும். இளைத்தவர்களுக்குக் கையில் நன்றாகவே படும். அதைக் கட்டி என்று நினைத்துப் பயப்படுவது ஒரு தவறு. "குடல் ஏறிடுச்சு" என்று எண்ணெய் போட்டு அந்த இடத்தை அழுத்தி வழிப்பது அதைவிடப் பெரிய தவறு; அடியிலேயே கல்லீரல் இருக்கிறது. நாளுக்கு நாள் பெரிதானால் மட்டும் தள்ளிப்போடாமல் காட்டுங்கள்.

நர்சிங் படிக்கும் பிள்ளைகள் விலா எலும்பை மேலிருந்து எண்ணித் தடுமாறுவார்கள். முதல் விலா காறை எலும்புக்கு அடியில் மறைந்திருக்கும். கைப்பிடியும் அலகும் சேரும் இடத்தில் ஒரு மேடு இருக்கிறதே, அங்கே ஒட்டுவது 2-வது விலா. அதிலிருந்து எண்ணினால் தப்பாது.

மூச்சுப் பேச்சில்லாமல் விழுந்தவருக்கு நெஞ்சை அழுத்தும்போது இடப்பக்கம் அழுத்தக்கூடாது, முனையிலும் கூடாது. நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில், நட்ட நடுவில், 5 முதல் 6 செ.மீ. ஆழம், நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை. 108-க்கு உடனே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், "அழுத்தினால் வலிக்கிறது, அதனால் எலும்பு வலிதான்" என்று முடிவு கட்டாதீர்கள். வியர்வை, மூச்சுத்திணறல், கைக்குப் பரவும் வலி இருந்தால் மாரடைப்பாகவும் இருக்கலாம்.

இதய பைபாஸ் ஆபரேஷன் முடிந்து வேலூர் காந்தி ரோடு லாட்ஜ்களில் தங்கியிருப்பவர்களைப் பார்க்கும்போதுதான் எனக்குப் பதறும். நெஞ்செலும்பை நடுவில் அறுத்துக் கம்பியால் கட்டியிருப்பார்கள். வெளிக்காயம் ஆறியதும் தண்ணீர்க் கேனைத் தூக்குகிறார்கள், கட்டிலில் கை ஊன்றி எழுகிறார்கள். அறுத்த எலும்பு ஒன்றுசேர 6 முதல் 8 வாரமாவது வேண்டும், சிலருக்கு இன்னும் அதிகம். இருமல் வந்தால் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமுங்கள். நெஞ்சுக்குள் 'டக்' என்று அசைந்தாலோ தையலில் நீர் கசிந்தாலோ ஊருக்கு டிக்கெட் போட்டிருந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கே திரும்பப் போய்க் காட்டிவிடுங்கள்.