கலம்காரித் துணி எழுதும் முறை

கலம் என்னும் மூங்கில் எழுதுகோலால் துணியில் படம் எழுதிச் சாயம் ஏற்றும் கலை கலம்காரி. இதில் சிவப்பு நிறத்தை யாரும் தூரிகையால் பூசுவதில்லை. சிவப்பு வரவேண்டிய இடங்களில் நிறமற்ற படிகாரக் கரைசலைத் தடவி உலரவிட்டு, பிறகு துணி முழுவதையும் சிவப்புச் சாயம் தரும் சாயவேர்த் தண்ணீரில் கொதிக்க வைக்கிறார்கள். படிகாரம் பட்ட இடம் சாயத்தைப் பிடித்துக்கொள்கிறது, மற்ற இடங்களில் ஒட்டியது அலசலிலும் வெயிலிலும் போய்விடுகிறது. கறுப்பும் ஏறக்குறைய அப்படியே, துணியில் முன்பே ஊறியிருக்கும் கடுக்காயின் துவர்ப்போடு, இரும்பை ஊறவைத்துப் புளிக்கச் செய்த நீர் கலக்கும்போதுதான் பிறக்கிறது. ஆகவே இந்தக் கலையில் கோடு போடும் திறமை பாதிதான். துணியைப் பக்குவப்படுத்துவதிலும், உலர்த்துவதிலும், அலசுவதிலும் காட்டும் பொறுமையே மறுபாதி.

ஆந்திரத்தில் ஸ்ரீகாளஹஸ்தி முழுவதும் கையால் எழுதும் மரபுக்கும், மசூலிப்பட்டினம் அச்சுக்கட்டைக் கொண்டு பதிக்கும் மரபுக்கும் பெயர் பெற்றவை. தமிழ்நாட்டில் சிக்கல்நாயக்கன்பேட்டையிலும் கருப்பூரிலும் கோயில்களுக்கான தொம்பை (உருளை வடிவத் தொங்கல்), தோரணம், விதானம் ஆகியவற்றை எழுதும் குடும்பங்கள் இருக்கின்றன; கருப்பூர் கலம்காரிக்கு 2021-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இங்கே விளக்கப்படுவது காளஹஸ்தி வழக்கத்தை ஒட்டியது. முதன்முறையாகச் செய்பவர் ஒரு மீட்டர் துணியோடு தொடங்குவது நல்லது.

வெளுக்காத காடாத் துணியை வாங்கி, முதலில் அதிலுள்ள கஞ்சியை முற்றிலும் நீக்க வேண்டும். இரவு முழுவதும் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் கொதிக்க வைத்து, அடித்துத் துவைத்து உலர்த்தினால் போதும். கஞ்சி எஞ்சியிருக்கும் இடத்தில் எந்தச் சாயமும் சீராக ஏறாது. உலர்ந்த துணியின் மீது ஒரு துளி நீரை விட்டுப் பார்த்தால், அது முத்தாக நிற்காமல் உடனே உறிஞ்சப்பட வேண்டும்.

அடுத்தது கடுக்காய்ப் பால். கொட்டை நீக்கிய கடுக்காயை இடித்துப் பொடியாக்கி, ஒரு மீட்டர் துணிக்கு ஐம்பது கிராம் அளவில் சிறிது தண்ணீரில் ஊறவைத்து வடிகட்டி, அதோடு அரை லிட்டர் காய்ச்சாத எருமைப் பாலைச் சேர்த்து, துணி முழுவதும் ஒரே சீராக நனையும்படி பிசைந்து ஊறவைத்துப் பிழிய வேண்டும். கடுக்காய் துவர்ப்பைத் தருகிறது. பாலின் கொழுப்போ நூலிழைகளின் இடைவெளியை அடைத்து, எழுதும் மை பரவாமல் தடுக்கிறது. எருமைப் பாலைத் தேர்ந்தெடுப்பதற்கும் அதன் கொழுப்பு மிகுதியே காரணம். பசும்பாலில் செய்தாலும் வரும், ஆனால் கோட்டின் ஓரம் சற்றே கசியும். பிழிந்த துணியை மடிப்பு விழாமல் கடும் வெயிலில் விரித்து, இடையிடையே திருப்பிப் போட்டு உலர்த்த வேண்டும். ஒரு மூலையில் ஈரம் தேங்கினால் அங்கே கடுக்காய் கூடுதலாகச் சேர்ந்து, பின்னர் நிறம் திட்டுத்திட்டாகத் தெரியும். மழைக்காலத்தில் இந்த வேலையைத் தொடாமல் இருப்பதே மேல்.

இந்தப் பால் நுட்பம் ஐரோப்பியரைப் பெரிதும் வியக்க வைத்தது. பிரான்சு அரசு 1686-இல் தடை செய்து 1759 வரை ஒதுக்கி வைத்தும் அங்கே மோகம் குறையாத துணிகள் இவை. சோழமண்டலக் கரையிலிருந்து 1742-இல் கேர்தூ என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி எழுதிய நீண்ட கடிதம், கடுக்காயையும் எருமைப் பாலையும் விட்டுவிடாமல் வரிசைப்படி விளக்குகிறது. தொழில் செய்தவர்களிடமே கேட்டு எழுதிய அந்தக் குறிப்பு இன்றைய முறைக்கு எவ்வளவு நெருக்கமாக இருக்கிறது என்பதே அதன் சிறப்பு.

கறுப்பு மைக்கு முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டும், ஏனெனில் அது புளிக்க இரண்டு மூன்று வாரங்கள் ஆகும். காளஹஸ்தியில் இதைக் கசிமி என்பார்கள். பழைய ஆணி, லாடம் போன்ற இரும்புத் துண்டுகள் அரைக் கிலோ எடுத்து, துருவையும் எண்ணெய்ப் பசையையும் நெருப்பில் சுட்டு நீக்கி, ஒரு மண்பானையில் இட்டு, நூறு கிராம் வெல்லத்தையும் அதே அளவு பனைவெல்லத்தையும் இரண்டு மூன்று லிட்டர் நீரில் கரைத்து ஊற்றி, வாயைத் துணியால் கட்டி வைக்கலாம். காற்றுப் புகாமல் இறுக மூடக் கூடாது. புளிக்கும்போது வாயு வெளியேற வேண்டும். நுரை அடங்கியபின் வடிகட்டி, கடுக்காய்ப் பாலில் தோய்த்த துணியின் ஓரத்தில் ஒரு கோடு இழுத்துப் பார்க்க வேண்டும். முதலில் வெளிறித் தெரிந்து சில நிமிடங்களில் நன்றாகக் கறுத்தால் மை தயார். பழுப்பாகவே நின்றால் இன்னும் சில நாள் காத்திருக்க வேண்டும். சீக்கிரம் கறுக்கட்டும் என்று மையை அளவுக்கு மீறி அடர்த்தியாக்குவது தவறு. காலப்போக்கில் இரும்பு பருத்தி நூலை அரித்துவிடும். பழைய துணிகள் பலவற்றில் கறுப்புக் கோடு இருந்த இடம் மட்டும் இற்றுப்போயிருப்பதற்கு அதுவே காரணம்.

கலத்தை நாமே செய்துகொள்ளலாம். ஒரு சாண் நீள மூங்கில் குச்சியின் ஒரு முனையைக் கூராகச் சீவி, முனைக்கு இரண்டு விரற்கடை மேலே கம்பளித் துண்டைச் சுற்றி, பருத்தி நூலால் இறுகக் கட்டினால் முடிந்தது. கம்பளி மையைக் குடித்து வைத்துக்கொள்ளும். விரல்களால் அதை மெல்ல அழுத்தும் அளவுக்கு மை நுனிக்கு இறங்கும். நிறம் நிரப்புவதற்கு முனை மழுங்கிய இன்னொரு கலம் வேண்டும். புளியங்குச்சியைச் சுட்ட கரியால் படத்தை முதலில் மெல்லிதாக வரைந்து, அதன் மீது கசிமியால் எழுத வேண்டும். கரிக்கோடு பிறகு அலசலில் போய்விடும், கசிமிக் கோடு போகாது. ஆகையால் தயக்கமெல்லாம் கரியோடு முடிந்துவிட வேண்டும்.

கறுப்பு உலர்ந்ததும், சிவப்பு வரவேண்டிய இடங்களில் படிகாரக் கரைசலைத் தடவ வேண்டும். ஒரு லிட்டர் வெந்நீருக்கு எண்பது முதல் நூறு கிராம் வரை படிகாரம் போதுமானது. கரைசலுக்கு நிறமில்லாததால் எங்கே தடவினோம் என்பது தெரியாது; அடையாளத்துக்காகச் சிறிது மஞ்சிட்டி (சிவப்புச் சாயம் தரும் வேர்) ஊறிய தண்ணீரை அதில் கலந்துகொள்ளலாம். தடவியபின் ஒரு முழு நாளாவது, முடிந்தால் இரண்டு நாளாவது துணியை விட்டுவைத்தால்தான் படிகாரம் நூலில் நிலைக்கும்.

அதன்பின் வரும் அலசலில்தான் பெரும்பாலான துணிகள் கெடுகின்றன. நூலில் பிடிக்காத உபரிப் படிகாரம் வெளியேறி, வெள்ளையாக இருக்க வேண்டிய தளத்தில் போய் ஒட்டினால், அங்கும் சிவப்பு ஏறிவிடும். ஓடும் நீரில் துணியை விரித்துப் பிடித்து, கரைந்து வருவது அப்படியே அடித்துச் செல்லப்படும்படி அலசுவது இதனால்தான். காளஹஸ்திக்குச் சுவர்ணமுகி ஆறு அமைந்தது தற்செயலான வசதி அன்று, தொழிலின் தேவை. ஆறில்லாதவர்கள் அகலமான தொட்டியில் நிறைய நீர் வைத்து, துணியை ஓயாமல் அசைத்துக்கொண்டே இருந்து, நீரை நான்கைந்து முறை மாற்றலாம். துணியைத் தொட்டியில் சும்மா கிடக்க விடுவது கூடவே கூடாது.

சிவப்புக்குப் பழைய சாயம் சாயவேர், அதாவது இம்பூரல் வேர். கரையோர மணற்பாங்கான நிலத்தில் வளர்வது. இன்று அது எளிதில் கிடைப்பதில்லை என்பதால் மஞ்சிட்டி வேரையும் வேம்பாடம் பட்டையையும் பயன்படுத்துகிறார்கள். துணியின் எடைக்குச் சமமான மஞ்சிட்டிப் பொடியை இரவே ஊறவைத்து, செம்பு அல்லது எவர்சில்வர் பாத்திரத்தில் துணியோடு சேர்த்து மெதுவாகச் சூடேற்றி, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் கிளறியபடி வேகவைக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. சிவப்பு கறுத்து மங்கிவிடும்.

வெந்து வந்த துணியின் தளம் முழுவதும் அழுக்குச் சிவப்பாகத் தெரிவது இயல்பு. சாணம் கரைத்த நீரில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் அலசி, மணலிலோ புல்லிலோ விரித்து, உலர உலர நீர் தெளித்துச் சில நாள் வெயிலில் வைத்தால், படிகாரம் இல்லாத பகுதி வெளுக்கும், சிவப்பும் கறுப்பும் அப்படியே நிற்கும். சாணத்தைத் தவிர்த்துவிட்டு வெளுக்கும் பொடியைப் போடத் தோன்றும். போட்டால் சிவப்பும் சேர்ந்து போய்விடும்.

இப்போது துணி மீண்டும் உறிஞ்சும் தன்மை பெற்றிருக்கும். அதனால் மஞ்சள் எழுதுவதற்கு முன் இன்னொரு முறை பாலில் தோய்த்து உலர்த்த வேண்டும். மாதுளைத் தோலையோ கடுக்காய்ப் பூவையோ கொதிக்க வைத்து வடிகட்டி, சிறிது படிகாரம் சேர்த்தால் மஞ்சள் தயார். நீலத்துக்கு அவுரி தேவை. அது வெறும் தண்ணீரில் கரையாது, புளிக்க வைத்துத் தனியே பக்குவப்படுத்த வேண்டும். பழங்காலத்தில் நீலம் வேண்டாத இடமெல்லாம் மெழுகு பூசித் தொட்டியில் முக்கினார்கள். மஞ்சளின் மேல் நீலம் ஏற்றினால் பச்சை. முதல் துணியில் நீலத்தையும் பச்சையையும் விட்டுவிட்டு, கறுப்பு, சிவப்பு, மஞ்சள் மூன்றோடு நிறுத்திக்கொள்வதையே நான் பரிந்துரைப்பேன்.

கடைசியாக ஒருமுறை நல்ல நீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். பயன்படுத்தத் தொடங்கியபின் பூந்திக்கொட்டை நீரில் துவைக்கலாம். எலுமிச்சையோ புளியோ படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் புளிப்பு பட்ட இடத்தில் கறுப்பு கரைந்து கோடு அறுந்துவிடும்.