ஆகனிலிருந்து கொலோனுக்குத் தனியாகச் செல்வோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒவ்வோர் அக்டோபரிலும் ஜெர்மனியின் ஆகன் நகருக்குப் படிக்க வரும் நம் மாணவர்கள், வகுப்புகள் தொடங்கிய சில வாரங்களில், முதல் தனிப் பயணமாகக் கொலோனைத் தேர்ந்தெடுக்கிறார்கள். தொலைவு ஏறத்தாழ 70 கிலோமீட்டர்தான். முன்பு எங்கள் ஆண்டு மாணவர்கள் செய்த பிழைகளையே இவர்களும் செய்துவிட்டு வருவதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். குடை, குளிராடை, கைப்பேசி மின்னூட்டம் ஆகியவற்றை எவரும் சொல்லித் தருவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அபராதச் சீட்டைக் கிடப்பில் போடுவது

மாணவர்களிடம் உள்ள டாய்ச்லாந்து செமஸ்டர் டிக்கெட் என்ற பருவப் பயணச்சீட்டு, ஆர்இ, ஆர்பி, எஸ்-பான் போன்ற வட்டார ரயில்களிலும், கொலோன் நகரத்து டிராம்களிலும் பேருந்துகளிலும் செல்லும். ஐசிஇ போன்ற விரைவு ரயில்களில் செல்லாது. ஆகனிலிருந்து கொலோனுக்கு ஆர்இ1, ஆர்இ9 ஆகியவை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் செல்கின்றன. பிரசல்சிலிருந்து வரும் ஐசிஇயும் அதே வழியில்தான் ஓடுகிறது. வட்டார ரயில் தாமதமாகி, விரைவு ரயில் கண்முன்னே வந்து நிற்கும்போது, பலகையில் கொலோன் என்ற பெயரை மட்டும் பார்த்துவிட்டு ஏறிவிடுகிறார்கள். பயணச் செயலியில் வட்டாரப் போக்குவரத்து மட்டும் என்ற தெரிவை முன்பே இட்டு வைத்தால், விரைவு ரயில் பட்டியலிலேயே வராது.

தவறி ஏறியவருக்குக் குறைந்தது 60 யூரோ கூடுதல் கட்டணம் விதிக்கப்படும். தெரியாமல் ஏறினேன் என்ற விளக்கம் எடுபடாது. மாணவருக்கு இது பெரிய தொகைதான். ஆனாலும் என்னை இன்றுவரை எரிச்சலூட்டுவது இந்த 60 யூரோ அல்ல. சீட்டோடு திரும்பி வரும் மாணவரிடம், "ஒன்றும் ஆகாது, விட்டுவிடு" என்று மூத்தவர்கள் சொல்லி அனுப்புவதுதான்.

எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அந்தப் பேச்சை நம்பினான். பரிசோதகரிடம் அவன் கொடுத்த முகவரி, வந்த புதிதில் இரண்டு மாதங்களுக்கு மட்டும் எடுத்திருந்த உள்வாடகை அறையினுடையது. அவன் வேறு வீட்டுக்கு மாறிய பின் நினைவூட்டல் கடிதங்கள் பழைய வீட்டுக்கே போயின. அங்கே எவரும் அவற்றை எடுத்து வைக்கவில்லை. கடைசியில் கடன் வசூல் நிறுவனம் ஒன்றின் கடிதம் அவன் கைக்குக் கிடைத்தபோது, தாமதக் கட்டணமும் வசூல் செலவும் சேர்ந்து தொகை பெருகியிருந்தது. பகுதிநேர வேலையில் சேர்த்த பணத்தை அவன் அதற்குக் கொடுத்ததைப் பார்த்த நாளிலிருந்து, புதிதாக வரும் எல்லோரிடமும் இதைச் சொல்லி வருகிறேன்: சீட்டில் குறித்த நாளுக்குள் கட்டிவிடுங்கள்.

இந்நாட்டில் தபால்காரர் பெட்டியில் எழுதியுள்ள பெயரைப் பார்த்துத்தான் கடிதம் போடுகிறார் என்பதால், தற்காலிக அறையாக இருந்தாலும் உங்கள் பெயரை ஒட்டச் சொல்லுங்கள். வீடு மாறினால் இரண்டு வாரங்களுக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிவதோடு, அஞ்சல் திருப்பிவிடும் சேவைக்கும் விண்ணப்பியுங்கள். செல்லுபடியாகும் சொந்த டிக்கெட் இருந்தும் அந்த நேரத்தில் காட்ட முடியாமல் போனவர், பிறகு அதைக் காட்டினால் கட்டணம் 7 யூரோவாகக் குறையும் என்ற விதி உண்மைதான். ஆனால் ஐசிஇயில் செல்லாத டிக்கெட்டோடு ஏறியவருக்கு அது பொருந்தாது. மூத்தவர்கள் பலர் இவ்விரண்டையும் குழப்பித்தான் அறிவுரை சொல்கிறார்கள். டிக்கெட் இல்லாமல் பயணம் செய்வது ஜெர்மன் குற்றவியல் சட்டத்திலும் இடம்பெற்ற ஒன்று என்பதால், மீண்டும் மீண்டும் சிக்கினால் விவகாரம் பணத்தோடு நிற்காது.

கடவுச்சீட்டை வீட்டில் வைத்துவிட்டுப் போவது

டிக்கெட்டில் உள்ள பெயர் உங்களுடையதுதான் என்று காட்ட மூல அடையாள ஆவணம் வேண்டும்.

பேராலயத்தோடு திரும்பிவிடுவது

கொலோன் பேராலயம் ரயில் நிலைய வாசலிலேயே நிற்பதால், பலர் அங்கே படம் எடுத்துக்கொண்டு, பக்கத்துக் கடைத்தெருவில் நடந்துவிட்டு, ஊரைப் பார்த்தாகிவிட்டது என்று திரும்புகிறார்கள். 1248இல் தொடங்கி 1880இல் முடிந்த, 157 மீட்டர் உயரக் கட்டடத்தை அதன் காலடியில் நின்று முழுதாகப் பார்க்கவே முடியாது. ஹோயன்சோலர்ன் பாலத்தின் நடைபாதை வழியாக ரைன் ஆற்றைக் கடந்து டாய்ட்ஸ் கரைக்குச் சென்று திரும்பிப் பாருங்கள். தெற்குக் கோபுரத்தின் 533 படிகளை ஏற விரும்பினால், கால் சோர்வதற்கு முன் காலையிலேயே ஏறிவிடுவது நல்லது.

தனியாகச் செல்வோர் எல்-டே இல்லத்தைத் தவறவிடக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். நாஜிக் காலத்தில் ரகசியக் காவல்துறையின் கொலோன் தலைமையகமாக இருந்த அக்கட்டடத்தின் கீழ்த்தளச் சிறையறைகளில், கைதிகள் சுவரில் எழுதியவை இன்றும் காக்கப்பட்டுள்ளன. கூட வந்தவர்கள் அவசரப்படுத்தும்போது அவற்றை நின்று படிக்க முடிவதில்லை.

ஞாயிற்றுக்கிழமை பொருள் வாங்கப் போவது

கடைகள் மூடியிருக்கும்.

திங்கட்கிழமை அருங்காட்சியகம் பார்க்கப் போவது

லுட்விக் அருங்காட்சியகம் உட்படப் பலவும் விடுமுறையில் இருக்கும்.

திரும்பும் ரயிலைக் கடைசியில் தேடுவது

தண்டவாளப் பணிகள் பெரும்பாலும் வார இறுதியில்தான் வைக்கப்படுகின்றன. காலையில் ஓடிய ரயில் இரவில் பாதி வழியோடு நின்று, மீதிக்கு மாற்றுப் பேருந்து விடப்படலாம். சில ரயில்கள் மைய நிலையத்தைத் தவிர்த்து, ஆற்றுக்கு அப்பால் உள்ள மெஸ்ஸே/டாய்ட்ஸ் நிலையத்தில் மட்டும் நிற்பதும் உண்டு. எனவே புறப்படும் முன்பே இரு திசைகளையும் பார்த்து, நீங்கள் ஏற நினைக்கும் ரயிலுக்குப் பின்னால் இன்னொன்று இருக்கிறதா என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். அதுவே கடைசி ரயிலாக இருந்தால், அதற்கு முந்தையதில் திரும்பிவிடுங்கள்.