மருத்துவமனை இணக்கப் பணிக்குச் செல்ல விரும்பும் வழக்கறிஞர் அறிய வேண்டியவை

அமெரிக்க மருத்துவமனைகளில் சட்டம் படித்தவருக்கு இரண்டு வெவ்வேறு இருக்கைகள் உண்டு. ஒன்று சட்ட ஆலோசகருடையது, மற்றொன்று, மருத்துவமனை சட்டவிதிகளின்படி நடக்கிறதா என்று கண்காணிக்கும் இணக்க அதிகாரியுடையது. இருவரும் படிப்பது பெரும்பாலும் ஒரே சட்டங்களைத்தான் என்றாலும், சட்ட ஆலோசகர் நிறுவனத்தைக் காக்க வாதிடுகிறார். இணக்க அதிகாரியோ தவறு எங்கே நடக்கிறது என்று தேடிச் சென்று அதைத் திருத்தச் செய்கிறார். சுகாதாரத் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2023 நவம்பரில் வெளியிட்ட பொது வழிகாட்டுதல், இணக்க அதிகாரி சட்டப் பிரிவுக்கோ நிதிப் பிரிவுக்கோ கீழ்ப்பட்டவராக இருக்கக் கூடாது என்றும், நிறுவனத்துக்குச் சட்ட ஆலோசனை வழங்கக் கூடாது என்றும் சொல்கிறது. வழக்கறிஞராகப் பழகியவருக்கு இந்த இரண்டாவது நிபந்தனைதான் கடினம்.

இதன் நடைமுறை விளைவு சிறியதல்ல. அப்ஜான் வழக்கில் 1981-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பின்படி, நிறுவனத்தின் வழக்கறிஞர் சட்ட ஆலோசனைக்காக ஊழியர்களிடம் நடத்தும் விசாரணைக்கு வழக்கறிஞர்–கட்சிக்காரர் இரகசியக் காப்பு உண்டு. ஆனால் அதே நபர் இணக்க அதிகாரி என்ற முறையில் எழுதும் குறிப்புக்கு, அவரிடம் வழக்கறிஞர் உரிமம் இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்தக் காப்பு கிடைத்துவிடாது. ஆகவே எந்த விசாரணையையும் தொடங்குவதற்கு முன்பே, அது யாருடைய அறிவுறுத்தலின்பேரில், எதற்காக நடக்கிறது என்பதை எழுத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள்.

சட்டங்களை, அரசிடம் பொய்யாகப் பணம் கோருவதைத் தண்டிக்கும் ஃபால்ஸ் கிளெய்ம்ஸ் சட்டத்திலிருந்து படிக்கத் தொடங்குவது நல்லது. உள்நாட்டுப் போரின்போது இராணுவத்தை ஏமாற்றிய ஒப்பந்ததாரர்களுக்காக 1863-இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டம்தான் இன்று முதியோருக்கான மெடிக்கேர், ஏழைகளுக்கான மெடிக்கெய்டு போன்ற அரசு மருத்துவக் காப்பீடுகளில் நடக்கும் மோசடிகளுக்கு எதிரான முதன்மை ஆயுதம். அரசுக்கு ஏற்பட்ட இழப்பின் மும்மடங்கோடு, ஒவ்வொரு பொய்க் கோரிக்கைக்கும் தனி அபராதம் உண்டு. ஆயிரக்கணக்கில் கோரிக்கைகளை அனுப்பும் மருத்துவமனைக்கு இதன் பொருள் என்ன என்பதை நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம். அரசின் சார்பில் தனிநபரும் வழக்குத் தொடரலாம். வென்றால், மீட்கப்படும் தொகையில் பொதுவாக 15 முதல் 30 விழுக்காடு வரை அவருக்குக் கிடைக்கும். உள்ளே புகார் சொல்லி யாரும் செவிமடுக்காத பில்லிங் ஊழியரே பின்னாளில் வழக்குத் தொடுப்பவராக மாறக்கூடும். புகார் தொலைபேசியில் வரும் ஒவ்வோர் அழைப்புக்கும் உரிய பதில் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது வெறும் மரியாதைக்காக அல்ல.

அடுத்து, நோயாளிகளை அனுப்பி வைப்பதற்காகப் பணமோ சலுகையோ கைமாறுவதைத் தடுக்கும் 1972-ஆம் ஆண்டின் கிக்பேக் தடைச் சட்டத்தையும், மருத்துவர் தமக்கு நிதித் தொடர்புள்ள இடத்துக்கு மெடிக்கேர் நோயாளிகளை அனுப்புவதைக் கட்டுப்படுத்தும், 1989-இல் வந்த ஸ்டார்க் சட்டத்தையும் சேர்த்துப் படியுங்கள். முன்னது குற்றவியல் சட்டம். உள்நோக்கம் நிரூபிக்கப்பட வேண்டும். பின்னதற்கு உள்நோக்கம் தேவையில்லை. மருத்துவமனைக் கட்டடத்தில் சந்தை மதிப்பைவிடக் குறைந்த வாடகைக்கு இருக்கும் மருத்துவர் தம் மெடிக்கேர் நோயாளிகளை அதே மருத்துவமனையின் பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பினால், யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாவிட்டாலும் அந்தப் பரிசோதனைகளுக்கு மருத்துவமனை மெடிக்கேரிடம் பணம் கேட்க முடியாது. நோயாளித் தகவல்களைக் காக்கும் 1996-ஆம் ஆண்டின் ஹிப்பா, அவசரப் பிரிவுக்கு வருபவரைப் பரிசோதிக்காமல் திருப்பி அனுப்புவதைத் தடுக்கும் 1986-ஆம் ஆண்டின் எம்டாலா ஆகியவற்றை வேலையில் இருந்தபடியே கற்றுக்கொள்ளலாம்.

ஆனால் சட்டப் புத்தகத்தோடு நின்றுவிடும் வழக்கறிஞருக்கு இத்துறையில் மதிப்பு குறைவு. பில்லிங் பிரிவில் அமர்ந்து, மருத்துவர் எழுதிய குறிப்பு எவ்வாறு நோய்க்குறியீடாகவும் சிகிச்சைக் குறியீடாகவும் மாறிக் கோரிக்கையாக வெளியேறுகிறது என்பதைப் பாருங்கள். கூடுதலாக வந்த பணத்தை, அதைக் கண்டறிந்த 60 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று 2010-ஆம் ஆண்டுச் சட்டம் விதிக்கிறது. தெரிந்தே வைத்துக்கொண்டால் அதுவே பொய்க் கோரிக்கை வழக்காக மாறும். எப்போது 'கண்டறிந்ததாக' ஆகிறது என்ற சட்டக் கேள்விக்கான விடை, பெரும்பாலும் தணிக்கையாளரின் கணக்குத்தாளில்தான் இருக்கும்.

வேலைக்கான வழிகள் பல. சுகாதாரச் சட்டப் பிரிவுள்ள வழக்கறிஞர் நிறுவனம், அரசு அலுவலகம், மருத்துவமனையில் இளநிலை இணக்கப் பகுப்பாய்வாளர் பணி ஆகிய மூன்றிலிருந்தும் மேலே வரலாம். சிஎச்சி என்ற, சுகாதார இணக்கப் பணிக்கான தொழிற்சான்றிதழைப் பல விளம்பரங்கள் விரும்பிக் கேட்கின்றன; கொஞ்சம் பணி அனுபவம் சேர்ந்த பின் அதற்கு முயலுங்கள். சுகாதாரச் சட்டத்தில் முதுநிலைப் பட்டத்தைவிடத் தணிக்கைப் பிரிவில் கழிக்கும் ஓராண்டு அதிகம் கற்றுத்தரும் என்பது என் கருத்து. செலவின்றிக் கிடைக்கும் பாடநூல் ஒன்றும் உண்டு: தவறு செய்த நிறுவனங்களுடன் தலைமை ஆய்வாளர் அலுவலகம், பெரும்பாலும் ஐந்தாண்டுக் காலத்துக்குச் செய்துகொள்ளும் நேர்மை ஒப்பந்தங்கள் அதன் இணையதளத்திலேயே உள்ளன. நான்கைந்தைப் படித்தாலே, அரசு எத்தகைய இணக்கத் திட்டத்தை எதிர்பார்க்கிறது என்பது விளங்கிவிடும்.

நேர்காணலில் நீங்களும் கேள்வி கேளுங்கள். இணக்க அதிகாரி யாருக்கு அறிக்கை அளிக்கிறார், தலைமை நிர்வாகி உடன் இல்லாமல் அவர் இயக்குநர் குழுவைத் தனியே சந்திக்க முடியுமா, மெடிக்கேர் போன்ற கூட்டாட்சித் திட்டங்களிலிருந்து விலக்கப்பட்டோர் பட்டியலோடு ஊழியர்களின் பெயர்களை மாதந்தோறும் ஒப்பிடுகிறார்களா, மருத்துவர்களுடனான ஒப்பந்தங்கள் அனைத்தும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்று விசாரியுங்கள். கடைசி இரண்டுக்கும் 'இல்லை' என்ற பதில் வந்தால் அது உங்கள் முதல் ஆண்டுக்கான வேலை, தயங்காமல் ஏற்கலாம். முதல் இரண்டுக்கும் மழுப்பலான பதில் வந்தால், சம்பளம் எவ்வளவு என்றாலும் வேறிடம் பாருங்கள்.